வீட்டில் கப்பி மீன் வளர்ப்பு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில் நிற்க எனக்குத் தகுதியில்லை என்பதை நன்கு அறிவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன் நான். பார்சல் பதிவேடுகளே நாள்தோறும் நான் புரட்டும் நூல்கள். “உமக்குத் தெரிந்ததைப் பேசும்” என்று நம் செயலாளர் அன்புக் கட்டளையிட்டார். எனக்கு ஓரளவு தெரிந்தவை இரண்டு. ஒன்று பார்சல் கணக்கு. மற்றொன்று கப்பி மீன். முன்னதைப் பேசினால் சிற்றுண்டிக்கு முன்பே நீங்கள் எழுந்து சென்றுவிடக் கூடும். ஆகவே பின்னதைப் பேச வந்திருக்கிறேன்.

இப்பேச்சிற்குக் காரணமும் உண்டு. நம் காலனியில் அண்மைக் காலத்தில் பல வீடுகளில் கண்ணாடித் தொட்டி வாங்கி மீன் விடுகிறார்கள். குழந்தைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அவ்வீட்டிற்குச் சென்றால் தொட்டி காலியாகிப் பரணில் ஏறியிருக்கிறது. “எங்களுக்கு மீன் ராசியில்லை” என்று வீட்டார் சொல்லுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே சொன்னவன். மீன் இறப்பதற்கு ராசி காரணமன்று. பெரும்பாலும் நாம் காட்டும் அன்பே காரணம். இதை என் வீட்டுக் கதையைக் கொண்டே விளக்குகிறேன்.

அதற்கு முன் இம்மீனைப் பற்றிச் சில சொற்கள். கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகரையும் அதனை அடுத்த டிரினிடாட் தீவும் ஆகும். வெனிசுவேலாவிலிருந்து வந்த மீன்களைக் கொண்டு 1859-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை முதலில் விவரித்தார். டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் அங்கிருந்து இதனை இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். அங்கிருந்த குந்தர் என்பவர் இதைப் புதிய மீன் என்று எண்ணி, அனுப்பியவர் பெயரையே 1866-இல் இதற்குச் சூட்டினார். முந்திய விவரம் இருந்தமையால் அப்பெயர் அறிவியல் ஏட்டில் நிலைக்கவில்லை. மக்கள் நாவிலோ நிலைத்துவிட்டது. ஆண் மீன் ஓர் அங்குலத்திற்குச் சற்று மேலிருக்கும். தோகை போன்ற வண்ண வாலுடையது. பெண் அதனினும் பெரியது, நிறம் மங்கியது. நன்கு பேணினால் இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும்.

இனி என் கதை. என் தந்தையார் மறைந்தபின் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் தனியே இருந்த என் தாயாரை 2023-ஆம் ஆண்டில் மான்குர்த்துக்கு அழைத்து வந்தேன். ஊரில் விடியற்காலையில் எழுந்து, கோழிக்குத் தீனி இட்டு, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு, வருவோர் போவோர்க்கெல்லாம் சோறு போட்டுப் பழகிய கை அவர் கை. இங்கே நாலாவது மாடியில் ஒற்றை அறையில் அக்கைக்கு வேலை ஏது? மொழியும் தெரியாது. நான் விடியுமுன் பணிக்குப் புறப்பட்டுவிடுவேன். பேத்தி பள்ளி செல்வாள். மனைவியும் வேலைக்குச் செல்வாள். சாளரத்தருகே அமர்ந்து, வாஷிக்குச் செல்லும் மின்சார வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பதே தாயாரின் பகற்பொழுதாயிற்று. இரத்த அழுத்த மாத்திரையைக்கூட மறந்துவிடுவார்; சில நாள் இரு முறை உண்டுவிடுவார்.

அவ்வாண்டு தீபாவளிக்குப் பின் என் மகள் மீன் வேண்டுமென்று அடம் பிடித்தாள். துறைமுக வழி வண்டியேறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, கிராபோர்டு மார்க்கெட்டுக்குச் சென்றோம். இரண்டடி நீளமுள்ள தொட்டியும், அடியில் பரப்ப வண்ணக் கற்களும், இருபது கப்பி மீன்களும் வாங்கி வந்தோம். அன்று மாலையே குழாய் நீரை நிரப்பி இருபதையும் ஒருங்கே விட்டோம். அன்று எங்கள் வீட்டில் நிலவிய மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. தாயார் சாளரத்தை விட்டுத் தொட்டியருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வண்டிகளை எண்ணுவது நின்றது.

ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. பன்னிரண்டாம் நாள் ஐந்து. நான் செய்தது யாதெனின், தொட்டி அழுக்காக இருப்பதே காரணமென்று கருதி, எல்லா நீரையும் கொட்டி, கற்களையும் பஞ்சு வடிகட்டியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுக் குழாய் நீரை நிரப்பினேன். மறுநாள் பளிங்கு போன்ற அந்நீரில் எஞ்சியவற்றுள் ஒன்றைத் தவிர எல்லாம் இறந்துகிடந்தன. மகள் அழுதாள். தாயார் அழவில்லை, அன்றிரவு உண்ணாமல் படுத்துவிட்டார். “வாயில்லாச் சீவன். கண்ணாடிகிட்ட வந்து வந்து கேட்டுது. கேட்டா குடுக்காம எப்படிய்யா இருக்க? நான்தான் கொன்னுட்டேன்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் நாற்காலி மீண்டும் சாளரத்தருகே சென்றுவிட்டது.

அப்போதுதான் நான் கணக்குப் பார்த்தேன். நான் ஐந்து மணிக்குப் புறப்படுமுன் ஒரு சிட்டிகை இட்டேன். மனைவி எட்டு மணிக்கு ஒரு சிட்டிகை. மகள் மாலையில் ஒரு சிட்டிகை. தாயார் பகலெல்லாம் இடைவிடாது. ஒருவர் இட்டதை மற்றவர் அறியார். பார்சல் அலுவலகத்தில் ஒரே மூட்டைக்கு நால்வர் நான்கு ரசீது எழுதினால் என்ன ஆகும்? அதுவே எங்கள் தொட்டியில் ஆயிற்று. குற்றம் தாயாருடையது மட்டுமன்று, நால்வருக்கும் பங்குண்டு. சோப்புப் போட்ட பெருங்குற்றமோ முழுதும் என்னுடையது.

பிறகு விவரமறிந்தவர்களை நாடிக் கேட்டும், நூல்களைப் படித்தும் உண்மையைத் தெரிந்துகொண்டேன். அது இதுதான். மீன் தன் கழிவை அம்மோனியா என்னும் நஞ்சாகப் பெரும்பாலும் செவுள் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் உணவும் அழுகி அதே நஞ்சாகிறது. ஆற்றில் இது நீரோடு அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? இயற்கை இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சில கற்களிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறுசில நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை நீர்ச்செடிகள் ஓரளவு உண்ணும். மிஞ்சியதை நாம் நீர் மாற்றி அகற்றவேண்டும். இந்நுண்ணுயிர்ப் படை முழுமையாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். படை வருமுன் இருபது மீன்களை ஒருசேர விட்டதும், அவற்றிற்கு அளவின்றி உணவிட்டதும் முதற் பிழை. அரைகுறையாக வந்த படையையும் சோப்பால் கழுவிக் கொன்றது இரண்டாம் பிழை. குழாய் நீரிலுள்ள குளோரினைப் போக்காமல் ஊற்றியது மூன்றாம் பிழை.

ஆகவே புதிதாக மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் செய்யவேண்டுவனவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன்.

தொட்டி இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் இருத்தல் நலம். முக்கால் பங்கு நிரப்பினாலே நாற்பது லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். நாற்பது கிலோவுக்கு மேல் எடை. ஆதலால் ஆடாத உறுதியான பலகைமீது வைக்கவேண்டும். நேர்வெயில் படும் சாளரம் ஆகாது. பாசி மண்டும், நீரும் கொதிக்கும். குழாய் நீரை வாயகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் முழுதும் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். அவசரமாயின் மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சொல்லிய அளவில் இடலாம். வாளியை மெல்லிய துணியால் மூடிவைக்க மறவாதீர்கள். கொசு முட்டையிட அவ்வாளியே போதும். காற்றுப் பம்பும் பஞ்சு வடிகட்டியும் இரவு பகல் ஓடவேண்டும். வேலம்பாசி போன்ற நீர்ச்செடி சில இருந்தால் மிக நன்று.

முதலில் நான்கைந்து மீன்கள் போதும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள். இல்லையேல் ஆண் மீன்கள் ஓயாது துரத்திப் பெண்ணை நலிவுறச் செய்யும். கொண்டுவந்த பையைத் திறவாமல் தொட்டி நீரின்மேல் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பின்னர்ப் பையினுள் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அரைமணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். புதிய ஊரின் நீர் உடனே ஒத்துக்கொள்ளாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த அதே நீரில் பிழியுங்கள். சோப்பும் வெந்நீரும் அருகிலேயே வரலாகாது.

இனி உணவு. நம் பேச்சின் உயிர்நிலை இதுவே. பல மீன்களுக்கு உள்ளது போன்ற இரைப்பை கப்பிக்கு இல்லை. தின்றது நேரே குடலுக்குச் செல்லும். ஆதலால் ஒரே முறையில் மிகுதியாகத் தின்று சேமிக்க அதனால் இயலாது. சிறிது சிறிதாகக் கொறிப்பதே அதன் இயல்பு. கண்ணாடியருகே ஆள் வந்தால் ஓடிவருவதும் அவ்வியல்பே. அது பசியின் அடையாளமன்று, பழக்கம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் முழுதும் தின்று தீர்க்கும் அளவே இடவேண்டும். அடியில் ஒரு துணுக்கு தங்கினாலும் அடுத்த வேளை அளவைக் குறையுங்கள். வாரத்தில் ஒருநாள் பட்டினி போடலாம். அதனால் நன்மையே உண்டு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நமக்குச் சொல்லும் அறிவுரையும், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என்பதேயன்றோ!

கடையில் கிடைக்கும் செதில் உணவையும் குருணை உணவையும் விரலால் பொடித்து இடுங்கள். கப்பியின் வாய் சிறிது. மாறுதலுக்காக, வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைப் பாதியளவு நசுக்கிப் போடலாம். வெந்த கீரைத் துணுக்கும் உண்ணும். ரொட்டி, சோறு, முறுக்கு, மிக்சர் ஆகியன அறவே கூடாது. மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலும், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கினாலும், உணவை உடனே நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். நோயென்று எண்ணி மருந்து தேடுமுன் நீரைத் தேடுங்கள்.

இவையனைத்தும் எனக்கு விளங்கிவிட்டன. தாயார்க்கு எவ்வாறு விளக்குவது? “இனி நீங்கள் தொட்டிப் பக்கம் போகவேண்டாம்” என்று சொல்லியிருக்கலாம். மீன் பிழைத்திருக்கும், அவர் மனம்? அவரிடமிருந்த கடைசி வேலையையும் பிடுங்கியதாக ஆகியிருக்கும்.

இதற்கு வழி கண்டவள் என் மகள். தாயாரின் மாத்திரைகளுக்காக ஏழு அறைகள் கொண்ட சிறு பெட்டி ஒன்றை மருந்துக் கடையில் வாங்கியிருந்தோம். ஞாயிறு முதல் சனி வரை நாளுக்கு ஓர் அறை. அதுபோல் இன்னொன்று வாங்கி வரச் சொன்னாள். ஞாயிறுதோறும் ஆச்சியும் பேத்தியும் அமர்ந்து, நாளொன்றுக்கு உரிய மீனுணவை அளந்து ஆறு அறைகளில் நிரப்புவார்கள். வெள்ளிக்கிழமை அறை காலி. அன்று மீனுக்கு விரதம். தாயார் ஒருவரே உணவிடுபவர். எங்களில் வேறெவரும் கைவைக்கலாகாது. அறை காலியாயின் அன்றைய உணவு முடிந்தது என்று பொருள்.

எஞ்சியிருந்த ஒற்றை மீனை வைத்துத் தொடங்கினோம். ஆறு வாரம் பொறுத்து நான்கு மீன் சேர்த்தோம். ஒன்றும் இறக்கவில்லை. இன்னொரு நன்மையும் விளைந்தது. இரண்டு பெட்டிகளும் தொட்டியருகே ஒன்றாக இருந்தமையால், மீனுக்கு உணவிடும்போதே தாயார் தம் மாத்திரையையும் எடுத்துக்கொள்ளலானார். மறதியும் இல்லை, இருமுறை உண்பதும் இல்லை. அடுத்த முறை மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்து, நல்ல முன்னேற்றம் என்றார்.

கப்பி முட்டையிடாது, குட்டி ஈனும். ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகள் வரை ஈனும். ஒருமுறை ஆணோடு கூடிய பெண், அதன்பின் ஆண் இல்லாமலே பல மாதங்கள் வரை மீண்டும் மீண்டும் ஈன வல்லது. தாயே குஞ்சுகளைத் தின்றுவிடும். செடிகள் அடர்ந்திருந்தால் சில தப்பும். தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்தால் பல தப்பும். குஞ்சுகளுக்கு உணவை மாவாக நுணுக்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை, ஊசிமுனை அளவு இடவேண்டும். முதல் ஈற்றைக் கண்ட அன்று தாயார் பக்கத்து வீட்டு மராத்தி அம்மையாரைக் கைப்பிடித்து இழுத்துவந்து காட்டினார். மொழி தெரியாத இருவரும் விரல்விட்டுக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்த காட்சியை நான் மறவேன்.

விடுமுறைக்கு ஊர் செல்வோர்க்கு ஒரு சொல். நலமாயுள்ள வளர்ந்த கப்பி ஐந்தாறு நாள் உணவின்றி இருக்கும். அதற்கு மேலாயின் அண்டை வீட்டாரிடம் உணவு டப்பாவைக் கொடுக்காதீர்கள். அளந்து நிரப்பிய பெட்டியை மட்டும் கொடுங்கள். அவர்கள் உங்கள்மீது வைத்த அன்பால் உங்கள் மீன்களைக் கொன்றுவிடக் கூடும்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் கப்பியைப் பற்றிய பேச்சு நிறைவுறாது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றைக் கொசுவின் வயிற்றினுள் கண்டார். கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை நீர்நிலைகளில் விடும் முறை அதன்பின் பெருகியது. மும்பை மாநகராட்சியும் கிணறுகளிலும் செயற்கைத் தொட்டிகளிலும் கப்பியை விட்டு வந்திருக்கிறது. ஆனால் இதைக் கேட்டு எவரும் குடிநீர்ப் பீப்பாயில் மீன் விடவேண்டாம். டெங்குவைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. பீப்பாயை இறுக மூடுவதும், வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்ப்பதுமே அதற்கு மருந்து. சாக்கடைக் கொசுப்புழுவை அள்ளிவந்து மீனுக்கு இடுவதும் தகாது. நோயும் உடன் வரும்.

இன்னொரு வேண்டுகோள். குஞ்சுகள் பெருகிவிட்டன என்று அவற்றைச் சாக்கடையிலோ, குளத்திலோ, நம் அருகிலுள்ள கழிமுகத்திலோ கொட்டிவிடாதீர்கள். கப்பி அழுக்கு நீரிலும் உவர் நீரிலும் பிழைக்கும் வன்மையுடையது. அயல்நாட்டு மீனாகிய அது பல நாடுகளில் இவ்வாறே பரவி, அந்தந்த நாட்டுச் சிறு மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொண்டது. மிகுந்ததைப் பிறர்க்குக் கொடுங்கள். அல்லது கடையில் திருப்பிக் கொடுங்கள். ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் வைத்தால் பெருக்கமும் மட்டுப்படும்.

அன்பர்களே! உணவிடுவதையே அன்பின் அடையாளமாகக் கொண்ட குடியில் பிறந்தவர்கள் நாம். “இன்னும் கொஞ்சம்” என்பதே நம் தாய்மார்களின் சொல். அச்சொல்லைக் குறைகூற நான் வரவில்லை; அதில் வளர்ந்தவன் நான். ஆயினும் தொட்டியில் அடைபட்ட ஓர் உயிர் “போதும்” என்று சொல்ல வாயற்றது. அதற்காக நாமே “போதும்” என்று சொல்லிக்கொள்ளவேண்டும். இவ்வொன்றை நினைவிற்கொண்டால் உங்கள் வீட்டுத் தொட்டி பரண் ஏறாது.

எங்கள் வீட்டில் இப்போது நாற்பதுக்கு மேல் குஞ்சுகள் உள்ளன. வேண்டுவோர் முதலில் தொட்டியை நிரப்பி, செடி வைத்து, வடிகட்டியை ஓடவிட்டுவிட்டு வாருங்கள். எங்கள் தொட்டியில் ஊறிய பழைய பஞ்சுத் துண்டு ஒன்றையும் தருகிறேன். அதிலுள்ள நுண்ணுயிர்கள் உங்கள் தொட்டியில் விரைவில் குடியேறும். பின்னர் ஒரு வீட்டிற்கு ஐந்து குஞ்சு வீதம் என் தாயார் எண்ணித் தருவார். வரும்போது ஏழறைப் பெட்டி ஒன்றும் கொண்டு வாருங்கள். அஃதில்லாதவர்க்குக் குஞ்சு கிடையாது என்பது அவர் ஆணை.